சென்னை விடுமுறைக்குக் கார் எடுக்கலாமா? நெல்லைக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

முழுஆண்டுத் தேர்வு முடிவதற்கு முன்பே எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கிவிடும். "நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சு, அங்க போயி காருக்கு என்ன செய்ய?" என்று இந்த ஆண்டு முதலில் கேட்டவர் எதிர்வீட்டு மைனி. வீட்டில் ஆறு பேர்; அவர்களில் இருவர் எழுபதைத் தாண்டியவர்கள், ஒரு பையனுக்கு ஐந்து வயது. நான்கு நாள் சென்னையில் தங்கப்போகிறார்கள். அண்ணன் ஊரில் தினமும் கார் ஓட்டுபவர் என்பதால், அங்கேயும் ஒரு காரை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். மைனிக்கு அதில் முழு சம்மதம் இல்லை.

இரண்டு விதமாகவும் போய்வந்தவன் என்ற முறையில், அவர்களிடம் வாசல்படியில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். கார் வேண்டுமா வேண்டாமா என்று பயணம் முழுமைக்கும் சேர்த்து ஒரே முடிவாக எடுப்பதில்தான் பெரும்பாலானோர் பணத்தை விடுகிறார்கள். எந்த நாளுக்குக் கார் வேண்டும் என்று நாள்வாரியாகப் பார்த்தால் கணக்கே மாறிவிடும்.

## முதலில் பார்க்க வேண்டியவை

தலை எண்ணிக்கையிலிருந்து தொடங்குவது நல்லது. ஆட்டோவில் மூன்று பேர், சாதாரண டாக்சியில் நான்கு பேர் என்பதுதான் கணக்கு. எனவே நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மலிவாகத் தெரியும் டாக்சி, ஐந்தாவது ஆள் சேர்ந்த உடனே இரட்டிப்புச் செலவாகிவிடுகிறது. ஊரில் செய்வதுபோல் மடியில் ஒன்று, முன்சீட்டில் இரண்டு என்று அடைத்துக்கொண்டு போக அங்குள்ள டிரைவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டாவது, வீட்டிலேயே மூத்தவரின் முழங்கால். சென்னையில் ரயில் பயணம் என்பது படிக்கட்டுகளின் பயணமும்கூட. மூன்றாவது, தங்குமிடம். எழும்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய விடுதிக்கும், உறவினர் வீடு என்பதற்காகத் தங்கும், நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளிய ஒரு புறநகர் தெருவுக்கும் வேறு வேறு விடைகள் உண்டு. நான்காவது, பார்க்க நினைக்கும் இடங்கள் ஊருக்குள்ளா, வெளியிலா என்பது. கடைசியாக, யார் ஓட்டப்போகிறார், அவருக்கும் அது விடுமுறைதானே என்ற கேள்வி. இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

பணத்தைப் பட்டியலின் தலையில் வைக்காததற்குக் காரணம், அது இந்த ஐந்திலிருந்துதான் கிளைக்கிறது.

## ஊரிலிருந்தே சொந்தக் காரில் போவது

திருநெல்வேலியிலிருந்து சென்னை சாலை வழியாக ஏறத்தாழ 625 கிலோமீட்டர். போகவர 1,250, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைக்கும் காரில் 83 லிட்டர் பெட்ரோல், லிட்டர் நூறு ரூபாய் என்று முழுத் தொகையாக வைத்தாலும் 8,300 ரூபாய். கயத்தாறை அடுத்த சாலைப்புதூரில் தொடங்கிச் செங்கல்பட்டுக்கு அருகில் பரனூர் வரை ஒரு வழிக்குப் பத்துக்குக் குறையாத சுங்கச்சாவடிகள் உள்ளன. 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டுச் சந்தா வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுமை குறையும். ஆனால் ஒரே பயணத்தில் இருபது கடப்புகளாவது அதிலிருக்கும் இருநூறில் கழிந்துவிடும்.

இதே ஆறு பேர் நெல்லை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் வகுப்பில் போனால், ஆளுக்கு ஒரு வழிக்கு நானூறு ரூபாயை ஒட்டி, போகவர 4,800 ரூபாய்தான் ஆகும். இரவில் ஏறிக் காலையில் இறங்குவதால் பகல் எதுவும் வீணாவதில்லை. சாலையில் போனாலோ சாப்பாட்டுக்கும் குழந்தைகளுக்கும் நிறுத்தி நிறுத்திப் போய்ச்சேரப் பத்து, பதினொரு மணி நேரம். ஆறு நாள் விடுப்பில் இரண்டு நாள் தார்ச்சாலையிலேயே கழியும். 2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத் ரயில்கூட அதே தூரத்தை எட்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது.

சொந்தக் கார் பொருந்தும் சூழல் ஒன்று உண்டு. வழியில் திருச்சியிலோ மதுரையிலோ ஓரிரவு தங்கிக் கோயில்களும் சொந்தக்காரர் வீடுகளும் பார்த்துப் போவதாக இருந்தால், அல்லது சென்னையில் மகன் குடித்தனம் வைக்கப்போகிறான் என்று பாத்திரம், அரிசி மூட்டை, கருப்பட்டிச் சிப்பம் எல்லாம் ஏற்றிச் செல்வதாக இருந்தால், சொந்தக் காரே சரி. அது விடுமுறைப் பயணத்தைவிடக் குடிபெயர்ப்புக்கு நெருக்கமானது. ரயில் பயணச்சீட்டுக்கு முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது என்பதையும், மே மாத இருக்கைகள் எவ்வளவு விரைவாகத் தீர்ந்துபோகின்றன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டிக்கெட் கிடைக்காத ஒரே காரணத்தால் காரை எடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

## சென்னையில் இறங்கி, தானே ஓட்டும் வாடகைக் கார்

அண்ணனின் விருப்பம் இதுதான். ஒருமுறை என்னுடைய விருப்பமும் இதுவாகவே இருந்தது. நேரத்துக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை, குழந்தையின் மாற்று உடைகளும் அப்பாவின் மருந்துப் பையும் டிக்கியிலேயே கிடக்கலாம், இரவு பதினொரு மணிக்குக் கடற்கரையிலிருந்து கிளம்பினாலும் யாரிடமும் கட்டணம் பேச வேண்டாம் என்பவை உண்மையான வசதிகள்.

நாளொன்றுக்கு 2,000 ரூபாய் வாடகைக்கு நான்கு நாள் எடுத்தோம். திருப்பிக் கொடுக்கும்போது மீட்டரைப் பார்த்தேன். நான்கு நாளில் ஓடியிருந்தது 214 கிலோமீட்டர். வாடகை 8,000, பெட்ரோல் 1,650. வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 45 ரூபாய். மீதி நேரம் எல்லாம் அந்தக் கார் விடுதி வாசலிலும் கட்டண நிறுத்தங்களிலும் சும்மா நின்றது. அதற்கும் சேர்த்துத்தான் வாடகை.

தியாகராய நகரில் ஒரு மாலை நினைவிருக்கிறது. வீட்டார் துணி எடுக்க இறங்கிவிட்டார்கள். பாண்டி பஜாரை ஒட்டிப் பல அடுக்கு வாகன நிறுத்தம் ஒன்று இருப்பது அன்று எனக்குத் தெரியாது. ஒரு கடையோரம் நிறுத்தியதும் காவலாளி கண்ணாடியைத் தடியால் தட்டி, "சார், இங்க நிக்காதீங்க" என்றார். பின்சீட்டில் சின்னவன் தூங்கிக்கொண்டிருக்க, ஒருவழிப் பாதைகளில் ஒரே சுற்றை ஒன்பது முறை சுற்றினேன். ஏழாவது சுற்றில் ஒரு பைக்கின் கைப்பிடி இடதுபுறக் கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறிக்கொண்டு போனது. முன்பணத்தில் அந்தக் கீறலுக்காக 3,500 ரூபாய் பிடித்தார்கள். பம்பரில் முன்பே இருந்த ஒரு நசுங்கலுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை என்று இன்றுவரை நினைக்கிறேன். ஆனால் எடுக்கும்போது நான் படம் எடுத்து வைக்கவில்லை.

ஓட்டும் திறமையைப் பற்றி ஒரு வார்த்தை. 1973இலிருந்து நம் ஈரடுக்கு மேம்பாலத்தில் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நெளிந்து பழகியவர்கள் நாம். நெரிசலுக்குப் பயந்தவர்கள் அல்லர். சென்னையில் சிக்கல் வழி தெரியாமையில் இருக்கிறது. நம் ஊர் வண்ணார்பேட்டையில் திருப்பத்தை விட்டுவிட்டால் இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடலாம். அங்கே கத்திப்பாரா மேம்பாலத்தில் இறங்கும் வளைவு ஒன்றைத் தவறவிட்டால் அண்ணாசாலைக்குப் போக வேண்டியவர் பூந்தமல்லி பக்கமாகப் போய்க்கொண்டிருப்பார். போதாக்குறைக்கு, மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காகப் பல சாலைகளில் போக்குவரத்தை மாற்றிவிட்டிருக்கிறார்கள்; கைப்பேசி வரைபடம் இந்த மாற்றங்களை எப்போதும் உடனுக்குடன் காட்டுவதில்லை.

எடுப்பதென்றே முடிவு செய்தவர்கள் முதலில் எண் பலகையைப் பார்க்க வேண்டும். தானே ஓட்டுவதற்கு வாடகைக்கு விட அனுமதி பெற்ற காரின் பலகை கறுப்பு, எழுத்து மஞ்சள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துள்ள சொந்தக் காரை "தெரிஞ்ச பையன் கார்தான், குறைச்சுத் தருவான்" என்று எடுப்பது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அப்படிப்பட்ட கார் விபத்தில் சிக்கினால், வாடகைக்குப் பயன்படுத்தியதைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முடியும். ஐந்து பேர் அமரும் காரில் ஆறு பேர் ஏறுவதும் அதே வகை ஆபத்து. பிறகு, நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் வரை வாடகையில் அடக்கம், எரிபொருள் எந்த அளவில் தந்து எந்த அளவில் திருப்ப வேண்டும், முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், போக்குவரத்து அபராதம் பின்னால் வந்தால் எப்படி வசூலிப்பார்கள் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். காரைச் சுற்றி வந்து நான்கு சக்கரங்களும் மீட்டரும் தெரியும்படி ஒரு காணொளி எடுத்து வைத்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை. எனக்கு அது 3,500 ரூபாய்ப் பாடம்.

இத்தனைக்கும் பிறகு இது யாருக்குப் பொருந்தும் என்றால், தங்குமிடத்தில் நிறுத்த இடம் இருந்து, நாள்தோறும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும் திட்டம் இருந்து, குடும்பத்தில் மாற்றி ஓட்ட இரண்டு பேர் இருப்பவர்களுக்கு. மாமல்லபுரம், காஞ்சிபுரம், புதுச்சேரி என்று சென்னையை வெறும் புறப்பாட்டு இடமாகக் கொள்பவர்களுக்கும் பொருந்தும்.

## டிரைவருடன் வரும் கார்

பெரிய நகரத்தில் காரைவிட டிரைவருக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் தீர்மானம். கோயில் வாசலில் ஆச்சியை இறக்கிவிட்டு எங்காவது ஒதுங்கி நின்று, கூப்பிட்டதும் அதே வாசலுக்கு வந்து நிற்பவர் இருந்தால் நிறுத்துமிடத் தொல்லை முற்றிலும் தீர்ந்துபோகிறது. குடும்பத்தில் ஒருவர்கூட வண்டியில் அடைபட வேண்டியதில்லை.

"எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர்" என்ற பேக்கேஜ்தான் வழக்கம். அதில் மறைந்திருக்கும் செலவு, கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. பலர் ஷெட்டிலிருந்து ஷெட் வரை கணக்கிடுவார்கள். நீங்கள் எழும்பூரில் தங்கியிருக்க, வண்டி தாம்பரத்திலிருந்து வருகிறது என்றால் வருவதற்கு 25 கிலோமீட்டர், திரும்புவதற்கு 25 கிலோமீட்டர். எண்பதில் ஐம்பது நீங்கள் ஏறாத தூரத்துக்கே போய்விடும். நேரத்திலும் இரண்டு மணி நேரம் அப்படியே கரையும். மீறிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனிக் கட்டணம், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் இரவுப் படி, வாகன நிறுத்தக் கட்டணம், சுங்கம் ஆகியவை அதற்கு மேல். அதனால் தங்குமிடத்துக்கு அருகில் வண்டி வைத்திருக்கும் டிராவல்ஸ்காரரைப் பிடிப்பதே பாதி லாபம்.

மாமல்லபுரம் நகரிலிருந்து ஏறத்தாழ 55 முதல் 60 கிலோமீட்டர். போகவரவே 120 ஆகிவிடுவதால் எண்பது கிலோமீட்டர் பேக்கேஜில் போவது அறிவீனம். வெளியூர்க் கணக்கில், அதாவது ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்றும் டிரைவர் பேட்டா என்றும் பேசிக்கொள்வது பெரும்பாலும் மலிவாக முடியும். அதே வழியில் முட்டுக்காடு படகுக் குழாமும் தட்சிணசித்ராவும் இருப்பதால் காருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். சும்மா நிற்கும் கார் வேண்டாம் என்று சொன்னேனே, இந்த நாளில் அது சும்மா நிற்காது.

எதிர்மாறான உதாரணம் வண்டலூர். உயிரியல் பூங்காவுக்குள் உங்கள் கார் போகாது. 602 ஹெக்டேர் பரப்பை நடந்தும் பேட்டரி வண்டியிலும் பார்த்து முடிக்க நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் வெளியில் கார் காத்துக்கிடக்கும். பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நான்கு மணிக்குத் திறக்கும் கோயிலுக்குப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவதும் அதே இழப்புத்தான்.

இடையில் ஒரு சிறு எச்சரிக்கை. வண்டலூர்ப் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, தட்சிணசித்ரா மூன்றுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை. செவ்வாயன்று காரைப் பேசிவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் கடைவீதியில் சுற்றிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

## செயலி டாக்சியும் ஆட்டோவும்

இரண்டு, மூன்று பேருக்கும், ஐந்து கிலோமீட்டருக்குள் போகும் இடங்களுக்கும் இதுவே போதும். மழை பிடித்தாலும் மாலை ஆறு மணி ஆனாலும் கட்டணம் ஏறிவிடும் என்பதும், பதிவான பிறகு டிரைவர் அழைத்து "எங்க போகணும், கேஷா ஆன்லைனா?" என்று கேட்டுவிட்டு ரத்து செய்வதும் எல்லோரும் அறிந்தவை. ஆறு பேருக்கு இரண்டு வண்டி பதிவு செய்யும்போது, ஒன்று வந்து மற்றது வராமல் குடும்பம் பாதியாகப் பிரிந்து நிற்கும் அனுபவம் எங்களுக்கு இரண்டு முறை வாய்த்தது. முதியவர் ஒருவரையும் கைப்பேசி தெரிந்த ஒருவரையும் ஒவ்வொரு வண்டியிலும் பிரித்து ஏற்றுவது என்று அதன் பிறகு வழக்கமாக்கிக்கொண்டோம்.

## மின்சார ரயில், மெட்ரோ, பேருந்து

மாம்பலம் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ரங்கநாதன் தெரு. எழும்பூரிலிருந்து அங்கே போகப் பயணச்சீட்டு ஐந்து ரூபாய். 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைமேம்பாலம் அந்த நிலையத்தைத் தியாகராய நகர் பேருந்து நிலையத்துடன் இணைக்கிறது. நான் ஒன்பது சுற்று சுற்றிய அதே கடைத்தெருவுக்கு வீட்டார் எல்லோரும் முப்பது ரூபாயில் போயிருக்கலாம் என்று நினைக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.

மெட்ரோவில் உச்சக் கட்டணமே 50 ரூபாய். மின்தூக்கிகளும் நகரும் படிகளும் இருப்பதால் முதியவர்களுக்கு ரயில் வகைகளில் இதுவே எளிது. எழும்பூர், சென்ட்ரல், கோயம்பேடு, விமான நிலையம் ஆகியவை ஏற்கெனவே இதில் இணைந்தவை. செங்கல்பட்டுத் தடத்தில் 2025 ஏப்ரல் முதல் குளிரூட்டப்பட்ட மின்சார ரயிலும் ஓடுகிறது. மே மாத வெயிலில் நேரம் பார்த்து அதைப் பிடிப்பது நல்லது. அரசின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. காலை எட்டு முதல் பத்தரை வரையிலும் மாலை ஐந்து முதல் எட்டு வரையிலும் மின்சார ரயிலில் ஐந்து வயதுப் பிள்ளையுடன் ஏறுவது முட்டாள்தனம். பழைய நிலையங்கள் பலவற்றில் நடைமேடை மாற மேம்பாலம் ஏற வேண்டும். ஒரு நிலையத்தில் நகரும் படி நின்றுபோயிருந்த நாளில் என் அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நாற்பத்தெட்டுப் படிகள் ஏறினார். மேலே வந்ததும் அங்கிருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, "மெரினாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், ரூமுக்குப் போவோம்" என்றார். மிச்சப்படுத்திய ஆட்டோக் கட்டணம் நூற்றைம்பது ரூபாய்.

பேருந்தில் சென்னைக்கு வருபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திலேயே தென்மாவட்டப் பேருந்துகள் நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகரின் நடுப்பகுதிக்கு முப்பது கிலோமீட்டர் அளவில் இன்னொரு பயணம் பாக்கி இருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கே மிச்சம் | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| சொந்தக் கார் | சாமான் எவ்வளவும் ஏற்றலாம் | இரண்டு பகல், சுங்கம் | வழியில் தங்கிப் போவோர் |
| தானே ஓட்டும் வாடகைக் கார் | தினமும் நூறு கி.மீ.க்கு மேல் ஓடினால் | நிறுத்துமிடம், கீறல், முன்பணம் | இரண்டு ஓட்டுநர் உள்ள குடும்பம் |
| டிரைவருடன் கார் | புறநகர், ஒரே நாளில் பல இடம் | ஷெட் கணக்கு, இரவுப் படி | முதியோர், ஐந்து பேருக்கு மேல் |
| செயலி டாக்சி, ஆட்டோ | குறுந்தூரம் | ஏறும் கட்டணம், இரண்டு வண்டி | மூன்று, நான்கு பேர் |
| ரயில், மெட்ரோ, பேருந்து | எல்லாவற்றிலும் மலிவு | படிக்கட்டு, நெரிசல் நேரம் | நடக்கக்கூடியவர்கள் |

## எதிர்வீட்டுக்குச் சொன்னது

எழும்பூரில் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுக்கச் சொன்னேன். முதல் நாள் அருங்காட்சியகமும் மாலையில் மெரினாவும். மெரினாவுக்கு மட்டும் இரண்டு ஆட்டோ. இரண்டாம் நாள் மயிலாப்பூர்க் கோயிலுக்கும் தியாகராய நகருக்கும் அண்ணன் ஆசைப்பட்டார். முதியவர் இருவரும் கோயிலோடு அறைக்குத் திரும்பிவிட, மற்ற நால்வரும் பகல் பதினொரு மணிக்கு, கூட்டம் குறைந்த நேரத்தில், மின்சார ரயிலில் மாம்பலம் போவது என்று முடிவானது. மூன்றாம் நாள் மாமல்லபுரம். அதற்கு மட்டும் ஏழு பேர் அமரும் வண்டி, டிரைவருடன். நான்காம் நாள் வண்டலூர் இருந்தது. அந்நாள் செவ்வாயாக அமைந்ததால் அதை முதல் நாளோடு மாற்றிக்கொண்டார்கள். வண்டலூருக்கு ரயில் நிலையம் உண்டு, பூங்காவும் தொலைவில் இல்லை. இருந்தாலும் ஆச்சிக்காக நிலையத்திலிருந்து வாசல் வரை ஓர் ஆட்டோ.

அண்ணனுக்கு முகம் சற்று வாடிவிட்டது. கார் ஓட்டும் ஆசை அவருக்குத் தீரவில்லை போலும். மாமல்லபுரம் நாளுக்கு மட்டும் தானே ஓட்டிவிடலாமா என்று கேட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுவது இன்பம்தான். ஆனால் ஆறு பேருக்கு ஏழு இருக்கைக் கார், ஒரு நாள் வாடகை, அதற்கு முன்பணம், காரை எடுக்கவும் விடவும் இரண்டு பயணம் என்று தாளில் எழுதிக் காட்டியதும் மைனியே "நீங்களும் பின்னால உக்காந்து கடலைப் பாத்துட்டு வாங்க" என்று முடித்துவிட்டார்.

டிராவல்ஸ்காரருக்கு அனுப்ப அவர்கள் கைப்பேசியில் நான் தட்டிக்கொடுத்தது இதுதான்: "ஆறு பேர், எழும்பூரிலிருந்து மாமல்லபுரம் போய்வர, காலை ஏழு முதல் இரவு எட்டு வரை. கிலோமீட்டர் கணக்கு எங்கள் விடுதியிலிருந்து தொடங்குமா, உங்கள் ஷெட்டிலிருந்தா? குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு, மீறினால் எவ்வளவு? பேட்டா, சுங்கம், நிறுத்தக் கட்டணம் சேர்த்தா, சேர்க்காமலா? மொத்தத் தொகையை எழுதி அனுப்பவும். வண்டியின் எண் பலகை மஞ்சள்தானே?"